ஜெசிந்தா அக்கா ஓட்டின பாம்பர்

ஜெசிந்தா அக்கா இறந்துட்டாங்க.

நேத்து காலைல முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இன்னைக்கு சேரப்பணஞ்சேரில அடக்கம் முடிஞ்சு, ரூமுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுறேன்.

எங்க கம்பெனி ஸ்டோர்ஸ்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவங்க. ஒரகடத்துல என்கூட வேலை பார்க்கிறவங்களுக்கு அவ்ளோதான் தெரியும்.

எனக்கு அவங்க பைலட்.

சிரிக்காதீங்க. ஆன்லைன் ஃப்ளைட் சிமுலேஷன் கேம்ல குண்டு போடுற பெரிய விமானம், பாம்பர்... அதை ஓட்டுவாங்க. நான் பின் சீட்ல உட்கார்ற கன்னர். துரத்திட்டு வர்ற ஃபைட்டர் பிளேனைச் சுடுறது என் வேலை.

ஒருநாள் கேன்டீன்ல நான் போன்ல அந்த கேம் வீடியோ பார்த்துட்டு இருந்தேன். எதிர்ல உட்கார்ந்து சாம்பார் ஊத்திட்டு இருந்த அக்கா எட்டிப் பார்த்து, "இவன் இன்னாபா, குண்டு போடுற நேரத்துல பிளேனை இந்த ஆட்டு ஆட்றான்?"னாங்க.

"என்னக்கா சொல்லுதீங்க, நீங்க ஆடுவீங்களா இத?"

அவங்க பையன் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போனப்போ கம்ப்யூட்டரையும் ஜாய்ஸ்டிக்கையும் வூட்லயே விட்டுட்டுப் போயிட்டானாம். சும்மா தொட்டுப் பார்த்தது, அப்படியே பிடிச்சுப் போச்சாம்.

அதுக்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு, சமைச்சு வச்சுட்டு அக்கா ஆன்லைன்ல வருவாங்க. நான் ஹாஸ்டல்ல ஹெட்செட் மாட்டிக்குவேன்.

எல்லாருக்கும் ஃபைட்டர்தான் ஆசை. எனக்கும்தான். சர்ருனு திரும்பலாம், சுடலாம், பெருமை அடிச்சுக்கலாம். பாம்பர்ல அதெல்லாம் கிடையாது... அரை மணி நேரம் மெதுவா போகணும். டார்கெட் வந்ததும் ஒரு நிமிஷம் ஆடாம, திரும்பாம, ஒரே உயரத்துல நேரா போகணும். அந்த ஒரு நிமிஷத்துலதான் எல்லாரும் நம்மளச் சுடுவாங்க.

நான் ஒரு தடவை பாம்பர் ஓட்டிப் பார்த்தேன். முதல் குண்டு பட்டதுமே பயந்து திருப்பிட்டேன். நாங்க போட்ட குண்டெல்லாம் ஏதோ வயல்ல போய் விழுந்துச்சு.

அக்கா திட்டல. "அவன் சுட்டுகினேதான் இருப்பான். நீ நேரா போய்கினே இரு. பின்னாடி பாக்கறதுக்குத்தான் ஆள் கீதே."

ஃபோர்க்லிஃப்ட்லயும் அப்படித்தான். லோடு மேல் ரேக்ல இருக்கும்போது சூப்பர்வைசர் கீழ நின்னு கத்துவாரு. அக்கா காதுலயே வாங்க மாட்டாங்க.

இன்னொண்ணு. குண்டு போட்டதும் ஸ்கோர் வந்துரும். முக்காவாசிப் பேர் அப்பவே எக்ஸிட் கொடுத்துட்டுப் போயிருவாங்க. அக்கா அப்படியில்ல. இன்ஜின் ஒண்ணு எரிஞ்சாக்கூட திரும்பி வந்து ரன்வேல இறக்கி நிறுத்துவாங்க... "இப்பதான்பா டியூட்டி முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டுத்தான் லாக்அவுட்.

போன ஞாயிறு...

குண்டு போட்டாச்சு, ஸ்கோர் வந்தாச்சு. ஹாஸ்டல் பசங்க கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டாங்க. ஹெட்செட்டைக் கழட்டி வச்சுட்டு எக்ஸிட் கொடுத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லல.

மறுநாள் கேன்டீன்ல அக்காவே வந்து உட்கார்ந்தாங்க. "பின்னாடி ஒருத்தன் வர்றான், சுடு சுடுன்னு கூவிகினே கீறேன். சத்தத்தையே காணோம்."

"பிளேன் போச்சாக்கா?"

"போச்சு. அது போவட்டும். எழுந்து போறதுன்னா சொல்லிட்டுப் போப்பா. நீ கீறன்னு நம்பி நான் நேரா ஓட்டிகினு இருந்தேன்."

கோபமே இல்லாம சொன்னாங்க. கோபப்பட்டிருந்தா சாரி சொல்லியிருப்பேன். "கேம்தானக்கா"ன்னு சிரிச்சேன்... அவங்களும் லேசா சிரிச்சாங்க.

எனக்குத் தெரிஞ்சு அவங்க திரும்பக் கொண்டுவராத ஒரே பிளேன் அதுதான்.

வர்ற ஞாயிறு ஹெட்செட்ல சாரி சொல்லிக்கலாம்னு நினைச்சிருந்தேன். நேத்து வெள்ளிக்கிழமை.

இன்னைக்கு அவங்க பையனை முதல் தடவையாப் பார்த்தேன். என் பேரைச் சொன்னதும் கையைப் பிடிச்சுக்கிட்டான். "பின்னாடி உட்கார்ற அண்ணன் நீங்கதானா? 'பின்னாடி தம்பி இருக்கான், நான் பயப்படாம ஓட்டுவேன்'னு அம்மா உங்களைச் சொல்வாங்கண்ணே."

அழுதேன்.

சர்ச்சுல பூசை முடிஞ்சு பெட்டியை வேன்ல ஏத்தினாங்க. சொந்தக்காரங்க முன்னாடி ஏறினாங்க. நான் அவங்க பையன்கிட்ட கேட்டு, பெட்டிக்குப் பின்னாடி கதவோரமா உட்கார்ந்தேன்.

கல்லறை வரைக்கும் ரோட்டைப் பார்த்தபடியே வந்தேன். பாக்கெட்ல போன் அடிச்சுட்டே இருந்துச்சு, எடுக்கல. மண்ணு மூடி, எல்லாரும் கிளம்பின பிறகு, "போயிட்டு வரேன்க்கா"ன்னு சத்தமா சொல்லிட்டுத்தான் வந்தேன்.

சாரிக்கா.

நேரா போங்க... பின்னாடி நான் இருக்கேன்.