எரியாத ஊரை எழுதியவர்

கோமதி அம்மையார் மறைந்த செய்தி சென்ற திங்களன்று தந்தியாக மதுரைக்கு வந்தது. மஞ்சள்காமாலை என்று தெரியும். தேறிவருகிறார் என்றே நம்பியிருந்தோம்.

அருப்புக்கோட்டையில் பஞ்சு வியாபாரக் குடும்பம் அவருடையது. படித்தது போதும் என்ற வீட்டாரோடு வாதாடி, அறுபதுகளின் நடுவில் தொல்லியல் ஆய்வு மாணவியாக என்னோடு சேர்ந்தார். எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, பானை ஓடுகள் சிதறிக் கிடந்த ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த பழைய ஊரார் பெண் தர மறுத்ததால் அரசன் ஊருக்கே தீ வைத்துவிட்டான் என்று களையெடுக்கும் பெண்கள் பாடுவார்கள். அந்தப் பாட்டுகளைத் திரட்டி, பிறகு மண்ணைத் தோண்டிச் சோதிப்பது அவர் திட்டம். “பாட்டை நம்பிக்கொண்டும் தோண்டக் கூடாது, நம்பவே மாட்டேன் என்றும் தோண்டக் கூடாது” என்பார்.

நிலத்துக்காரர் வெங்கடசாமி, பருத்தி எடுத்து முடிந்ததும் இடம் கொடுத்தார். தோண்டிய குழிகளில் சாம்பலும் இல்லை, கரியும் இல்லை. கிடைத்தது ஓர் உறைகிணறு. நீர் இறங்க இறங்க, அடியில் மேலும் மேலும் சுடுமண் உறைகளை இறக்கியிருந்தார்கள். ஊர் எரியவில்லை, தண்ணீரின்றிக் கலைந்திருக்க வேண்டும்.

“கதை பொய்த்துவிட்டதே, பாட்டுகளைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்” என்றார் ஆய்வு நெறியாளர்.

“ஊர் போனது பாட்டு, மண் இரண்டிலும் உண்மை, ஐயா. ஏன் போனது என்பதில்தான் பிணக்கு. அதை எழுதாமல் நான் எதை எழுதுவது?”

பட்டம் தள்ளிப்போனது. உறவினர்கள் கேலி பேசினார்கள். அவர் அசையவில்லை.

கண்டதை அந்த ஊராரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். கேட்டதும் வெங்கடசாமியின் முகம் சுருங்கியது.

“அப்ப எங்காளுக பாடுனதெல்லாம் பொய்யா தாயி?”

அவர் மனைவி பேச்சியம்மாள்தான் பதில் சொன்னார். “தண்ணியில்லாம ஓடிப்போனோம்னு புள்ளைககிட்ட எப்படிச் சொல்றது? தீ வச்சுட்டான்னு சொன்னா ஒரு ரோசமாவது இருக்கும்ல.”

கோமதி அம்மையார் நோட்டைத் திறந்தார். பிறகு, “இதை உங்க பேரு போட்டு எழுதிக்கிறட்டுமா?” என்று கேட்டார்.

எடுக்கச் சொன்ன அத்தியாயம் அந்தச் சொற்களோடு தொடங்கியது. வெளியூர்த் தேர்வாளர் அதைப் பற்றியே அதிகம் கேட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டம் கிடைத்தது. அதன் பிறகும் அந்த ஊருக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை.

இறுதிச் சடங்கன்று பேச்சியம்மாளும் பல பெண்களும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அம்மையாரின் பெரியப்பா வாசலில் நின்று, “நீங்கள்லாம் எந்த ஊரு?” என்று விசாரித்தார்.

“இவுக ஊருதான்” என்று அம்மையார் கிடந்த பக்கம் கைகாட்டினார் பேச்சியம்மாள். உள்ளே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

தோழியே, அவர்களோடு நின்று நானும் கைகூப்பி விடைகொடுத்தேன்.