எண்ணெய்த் தாளும் எட்டாவது ஜன்னலும்

ஃபோர்த்துனா தாதோனுக்கு வாய் நீளம். அது இஸ்ரேலின் திமோனா ஊருக்கே தெரியும். முப்பது வருடம் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வென்று பேர்தான். தன் அடுக்குமாடிக் கட்டடத்துப் பிள்ளைகளை வாரம் இரண்டு சாயங்காலம் தன் வீட்டுக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு படம் வரைய வைப்பாள். நன்றாக வரைந்தாலும் "அடடா!" என்பாள், கிறுக்கி வைத்தாலும் "அடடா!"தான்.

அந்த வருடம் யூதர்களின் எட்டு நாள் தீபத் திருவிழாவான ஹனுக்காவுக்கு அவள் போட்ட திட்டம் கொஞ்சம் பெரியது. தெருவைப் பார்த்த இரண்டாம் மாடியில் வரிசையாக எட்டு வீடுகள், எட்டு ஜன்னல்கள், நடுவில் மாடிப்படி ஜன்னல். எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெரிய தாளில் தீபம் வரைய வேண்டும். வரைந்த தாளில் சமையல் எண்ணெயைப் பஞ்சால் தேய்த்தால் அது கண்ணாடி போலாகிவிடும். ஜன்னலில் ஒட்டி உள்ளே விளக்கைப் போட்டால் படம் தெருவுக்கே தெரியும். முதல் நாள் ஒரு ஜன்னல், மறுநாள் இரண்டு, எட்டாம் நாள் எட்டும். முறை வராத வீடுகள் ஜன்னல் ஷட்டரை இறக்கி வைத்திருக்க வேண்டும். மாடிப்படி விளக்கு மட்டும் மற்றவற்றை ஏற்றும் துணைத் தீபமாகத் தினமும் எரியும். கட்டடமே ஒரு ஹனுக்கா விளக்கு!

ஊருக்குச் சொன்ன காரணம் அவ்வளவுதான். அவள் மனசுக்குள் இருந்த காரணம் அந்த வரிசையின் எட்டாவது வீட்டில் இருக்கும் தம்பி ப்ரோஸ்பர். கோடையில் அவன் மனைவி அலீஸ் இறந்துபோன வாரம் இறக்கிய ஷட்டரை அவன் இன்னும் தூக்கவில்லை. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஃபோர்த்துனா கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஒரே ஒரு ராத்திரிடா. எட்டாவது நாள் உன் ஜன்னல். அப்புறம் நீ மூடிக்கோ, நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நீயா? வாய் தொறக்காமயா? அந்த அதிசயத்துக்காகவே ஒத்துக்கலாம்" என்றான் ப்ரோஸ்பர். "ஒரு ராத்திரிதான்க்கா. சொல்லிட்டேன்."

முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகளும் பெற்றோரும் தெருவில் கூடிவிட்டார்கள். யாரோ சுடச்சுட ஸ்ஃபெஞ்ச் என்ற வளைய மாவுப் பலகாரம் பொரித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஃபோர்த்துனா இடது கோடி ஜன்னலைக் காட்டி, "ஆரம்பிக்கலாமா?" என்று கையைத் தூக்கினாள்.

"டீச்சர், மொத தீபம் வலது பக்கத்துலதானே? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள் ஆறு வயது தாஹேல்.

ஃபோர்த்துனா ஜன்னல் வரிசையை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு வீடாக ஏறி, உள்ளே நின்று ஜன்னலைப் பார்த்து வரிசை போட்டிருந்தாள். உள்ளே வலது, தெருவுக்கு இடது. இது தோன்றாமல் போயிற்றே! தெருவிலிருந்து பார்த்தால் வலது கோடி ப்ரோஸ்பரின் வீடு. அங்கே ஆரம்பித்தால் அவன் எட்டு ராத்திரியும் திறந்து வைக்க வேண்டும்.

"முப்பது வருஷம் பாலர் பள்ளியில இருந்தும் வலது எது இடது எதுன்னு தெரியலையே ஃபோர்த்துனா!" என்று சிரித்தார் கீழ்வீட்டு மக்லூஃப். "அதனால என்ன, உன் தம்பி வீட்டுல ஆரம்பி."

அவள் மூச்சிரைக்க மாடியேறி விஷயத்தைச் சொன்னாள். ப்ரோஸ்பரின் முகம் சுருங்கிப்போனது.

"ஒண்ணுன்னு சொல்லி எட்டாக்கிட்டியா? எதுவும் வேணாம். போக்கா."

"எட்டும் இல்ல, பத்தும் இல்ல. பேசினது பேசினதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். தெரு நடுவில் நின்று குரல் கொடுத்தாள். "கேளுங்க எல்லாரும்! தப்பு என்னோடது. இந்த வருஷம் இடதுலேர்ந்துதான். பிடிக்காதவங்க கண்ண மூடிக்கிட்டு ஸ்ஃபெஞ்ச் தின்னுங்க!"

சொல்லிவிட்டாளே தவிர, வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை பிள்ளைகளின் கையைப் பிடித்து, வலதிலிருந்து வை என்று திருத்தியிருக்கிறாள்! மக்லூஃப் தினமும் ஒரு கிண்டல் வைத்திருந்தார். அவளும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அது பெரிய தண்டனை. வெளிச்சம் ராத்திரிக்கு ஒரு ஜன்னலாக ப்ரோஸ்பர் வீட்டை நோக்கி நகர்ந்தது.

எட்டாம் நாள் மத்தியானம் தாஹேல் தன் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ப்ரோஸ்பர் கதவிடுக்கில் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

இருட்டியதும் ஏழு ஜன்னல்கள் எரிந்தன. எட்டாவது இருட்டாகவே இருந்தது. மக்லூஃப் கூடக் கிண்டல் பண்ணவில்லை. 'நான் கட்டாயப்படுத்தியிருக்கக் கூடாது' என்று ஃபோர்த்துனா தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அப்போது கிறீச்சென்று ஷட்டர் அசைந்தது. பாதி ஏறி நின்றது. தாஹேல் வரைந்த சுடர் பச்சை நிறத்தில், படத்திலிருந்த மெழுகுவர்த்தியை விடப் பெரிதாக எரிந்தது.

"தெரியுதா?" என்று உள்ளிருந்து ப்ரோஸ்பர் கத்தினான்.

"தெரியுது! தெரியுது!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். ஃபோர்த்துனா மட்டும் நடுத்தெருவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மறுநாள் காலை தாள்களை உரிக்க வீடு வீடாகப் போனாள். ப்ரோஸ்பர் வீட்டுக்குக் கடைசியில் போனாள். ஷட்டர் பாதியிலேயே நின்றது. அலீஸ் உட்காரும் நாற்காலி மேல் வெயில் விழுந்திருந்தது.

"ஷட்டர் மாட்டிக்கிச்சுக்கா" என்றான் அவன், அடுப்படியில் புதினாத் தேநீர் போட்டுக்கொண்டே. "கீழ இறங்க மாட்டேங்குது. யாரையாவது கூப்பிடணும்."

ஃபோர்த்துனா அதை ஏற்றி இறக்கும் நாடாவைப் பிடித்து மெதுவாக விட்டுப் பார்த்தாள். ஷட்டர் வழுக்கிக்கொண்டு ஒரு சாண் இறங்கியது. சத்தமில்லாமல் மறுபடி மேலே இழுத்துவிட்டாள்.

"ஆமாடா, நல்லா மாட்டிக்கிச்சு" என்றாள். "எவன் வந்தாலும் இறக்க முடியாது."