இடப்பக்கம்

அப்பாவின் முழங்காலில் சீனத்துத் தைலத்தைத் தேய்த்தபோது, அந்த மணம் என்னை நோத்ர-டாம்-த-கிரேஸ் மைதானத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் உதைபந்தாட்டப் பயிற்சியாளர் ஷென்னிடமும் இதே மணம்தான். சீனாவில் மாகாண அணிக்குக் கோல் அடித்துக் குவித்தவர், முழங்கால் பழுதான பிறகு மொன்றியலில் எங்களைப் பழக்கினார். அன்றைய ஆட்டத்தில் தோற்றால் அணியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகக் கழகம் சொல்லியிருந்தது.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பெனால்டி அடிக்க வேண்டிய ஐந்து பேரின் பெயர்களையும் ஷென் தன் மணிக்கட்டுப் பிளாஸ்டரில் எழுதினார். கடைசிப் பெயர் என்னுடையது. என் பந்து உள்ளே போனால் வெற்றி.

பந்தை வைத்தேன். வேலிக்கு அப்பால் நின்று அப்பா கத்தினார்.

"இடப்பக்கம் அடி பிள்ளை! அவைக்குத் தமிழ் விளங்காது!"

எதிரணிக் கோல்கீப்பர் சிரித்தாள். "ஓம் அங்கிள், விளங்காதுதான்."

மூன்று வழிகள் இருந்தன: இடம், வலம், நடு. இடத்தை அப்பா கெடுத்துவிட்டார். வலத்துக்கு மாற்றுவேன் என்று அவள் நினைக்கக்கூடும். நடுவில் அடித்தேன். அப்பா சொன்ன பக்கமே அவள் பாய்ந்தாள்.

அப்பா என்ன கத்தினார் என்று பிறகு ஷென் கேட்டார். சொன்னேன்.

"என் கடைசி ஆட்டத்தில் என் அப்பாவும் கத்தினார். அவர் சொன்ன பக்கமே அடித்தேன். பிடித்துவிட்டார்கள்" என்றார்.

அந்த ஆட்டம் ஞாபகமிருக்கிறதா என்று தைலம் தேய்த்தபடியே அப்பாவைக் கேட்டேன்.

"நான் சொல்லித் தந்தபடியால்தானே அண்டைக்கு வெண்டனீங்கள்" என்றார் அப்பா, காலை நீட்டியபடி.

"ஓம் அப்பா" என்று சொல்லி மற்ற முழங்காலுக்கும் தைலம் எடுத்தேன்.