மூன்றாவது மூட்டுத் தகடு

எங்கள் அப்பாவிடம் ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வாங்கியவர் ஊரில் யாரும் இல்லை. அவர் அரசாங்க வீதி, பால வேலைகளை மேற்பார்வை செய்யும் ஓவசியர். துணி காயப்போடும் கம்பி தாங்குமா என்று அம்மா கேட்டால், எத்தனை துணி, பிழிந்ததா பிழியாததா, கம்பியின் நடுவில் போடுவதா ஓரத்தில் போடுவதா என்று திருப்பிக் கேட்பார். அதற்குள் அம்மா துணியை வேலியில் விரித்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஊஞ்சல் கட்டுவதற்கு ஒரு மாங்கிளையைக் காட்டி யோசனை கேட்டு, முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டு, ஊஞ்சலே வேண்டாம் என்று போனார். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவோடு கடைக்குப் போவதென்றாலே எனக்கு அலுப்பு. வழியில் ஒரு மதகு இருந்தால் போதும், சைக்கிளை நிறுத்தி இறங்கி அதன் அடியைப் பார்க்காமல் வரமாட்டார்.

நாங்கள் செட்டிபாளையத்தில் இருந்தோம். அப்பாவின் பொறுப்பில் இருந்த வேலைகளிலே பெரியது, வாவியின் ஒடுங்கிய ஒரு கைக்கு மேலாக அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகும் இரும்புப் பாலம். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. உப்புக்காற்று அதை ஒருபக்கம் தின்றுகொண்டிருக்க, ஒரு வருடத்துக்கு முன் பாலத்தடியில் வெடித்த கண்ணிவெடி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. வெடித்த மறுநாளே அப்பா தோணியில் பாலத்துக்கு அடியில் போய், சின்னச் சுத்தியலால் ஆணித்தலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தார். அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. சட்டங்கள் வந்து கூடும் மூட்டுகளில் மூன்றாவது மூட்டின் தகடு வெடித்திருக்கிறது, நாலு ஆணி போய்விட்டது. ஆள் நடக்கலாம், வண்டில் போகலாம், வெறும் பஸ் போகலாம், நிறைந்த பஸ் போனால் சொல்ல முடியாது. அம்மா, சோறு ஆறுகிறது என்றார்.

நல்ல வேளையாகவோ என்னவோ, பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் இராணுவக் காவலரண் இருந்தது. பஸ்ஸில் வருகிற சனம் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பாலத்தை நடந்து கடந்து அக்கரையில் மறுபடி ஏறவேண்டும். பஸ் வெறுமையாகத்தான் போகும். சனம் அதற்காகத் திட்டாத நாள் இல்லை. நெல் லொறிக்காரரிடம் அப்பா ஏதேதோ சொல்லி அரைப் பாரத்தோடு போகப் பண்ணியிருந்தார்.

இப்படி இருக்கையில் மாமாவுக்குக் கலியாணம் வந்தது. மாமா அம்மாவின் தம்பி. பெண் அக்கரையில், கரடியனாற்றுப் பக்கம். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகவேண்டும். ஒரு பஸ் பிடித்து, பலகாரப் பெட்டிகளும் பழத்தட்டுகளுமாக நாங்கள் எல்லாரும் புறப்படும்போதே நேரம் பிந்திவிட்டது. மாப்பிள்ளைத் தோழனாக நிற்கவேண்டியவர் அப்பா. வேட்டி சால்வையில் முன் இருக்கையில் இருந்தார்.

காவலரணில் பஸ் நின்றது. காவலுக்கு நின்ற இளைஞன் எட்டிப் பார்த்தான். தலைப்பாகையோடு மாமா இருப்பதைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. கலியாணமா, இறங்கவேண்டாம், அப்படியே போங்கள் என்று கையைக் காட்டினான். பஸ்ஸுக்குள் ஒரே சந்தோசம். காலில் வாதம் வந்திருந்த பெரியம்மா, ஆர் பெத்த பிள்ளையோ நல்லாயிருக்கட்டும் என்று அவனை வாழ்த்தினார்.

பஸ் பத்து முழம்கூட நகர்ந்திருக்காது. அப்பா எழுந்து சாரதியின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

"எல்லாரும் இறங்குங்க. நடந்து போவம்."

முதலில் யாரும் அதை நம்பவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. வெயில் ஏறிவிட்டது. பட்டுச் சேலைகள், புதுச் செருப்புகள்.

"மச்சான், ஆமிக்காரனே விட்டுட்டான். உங்களுக்கு என்ன வந்த?" என்றார் மாமா.

அப்பா காரணம் சொல்லவில்லை. பத்து நிமிடம்தான் என்றார். பெரியம்மா தான் இறங்கப்போவதில்லை என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்பா அவரை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓராள் இருந்தால் பரவாயில்லை என்றார். பெரியம்மாவுக்குக் கோபம் வந்து உடனே இறங்கிவிட்டார். அதன்பிறகு அப்பா பலகாரப் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து எடை மட்டுக்கட்டத் தொடங்கினார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வீதியோரமாகத் திரும்பி நின்றார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. இத்தனை பேரும் பஸ்ஸில் போனால் என்ன, நடந்து போனால் என்ன, பாரம் ஒன்றுதானே என்று கேட்டேன். எல்லாரும் ஒன்றாய்ப் போகப்போவதில்லை, பஸ் போனபிறகு பத்துப் பத்துப் பேராகத்தான் என்று அவர் சொன்னதும், மாமா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

இரக்கப்பட்டு விட்ட பஸ்ஸிலிருந்து சனம் தானாக இறங்குவதைக் கண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? காவலரணுக்குள்ளிருந்து அதிகாரி வந்தார். தமிழ் ஓரளவு பேசுவார். ஏன் இறக்குகிறீர்கள் என்று கேட்டார். பஸ் பழையது, பிறேக் சரியில்லை என்றார் அப்பா.

"பாலம் சரியா?"

"ஓம் சேர். பாலம் நல்லம்."

நான் அப்பாவை அண்ணாந்து பார்த்தேன். ஒரு துணிக்கம்பிக்கு அரை மணித்தியாலம் பதில் சொல்கிறவர், இவ்வளவு பெரிய பாலத்துக்கு ஒரு சொல்லில் பதில் சொல்கிறார். அதுவும் பொய். எனக்கு இருந்த எரிச்சலில் அது பொறுக்கவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. சொந்தக்காரர் எல்லாரும் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரிந்துதான் இறக்கினார் என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

"மூண்டாவது மூட்டுத் தகடு வெடிச்சிரிக்கி. அப்பாதான் அம்மாட்டச் சொன்னவர். நிறைஞ்ச பஸ் போகேலாதாம்."

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியபோது எல்லாம் சொல்லி முடிந்திருந்தது.

அதிகாரி பாலத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார். அப்பா மறைக்கவில்லை, ஒரு வருடம் என்றார். அதிகாரி சத்தம் போடவில்லை.

"உங்கட சனம் இறங்கி நடக்குது. எங்கட பொடியன்கள் ட்ரக்கிலதான் போறது. அது தெரியுமா உங்களுக்கு?"

அந்த ட்ரக்குகள் ஒருநாளும் அரைப் பாரத்துக்கு மேல் போனதில்லை, தான் தினமும் வந்து பார்ப்பதாகச் சொன்னார் அப்பா. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தினமும் நின்று எங்கள் வண்டிகளை யாருக்காக எண்ணுகிறாய் என்று அதிகாரி கேட்டார். இரண்டு பேர் அப்பாவைக் காவலரணுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற போக்கிலும் அவர் திரும்பி, பஸ்ஸை மெதுவாக விடு, நடுப்பாலத்தில் பிறேக் அடிக்காதே என்று சாரதிக்குச் சொன்னார். இந்த மனிசன் இந்த நேரத்திலயும் பாலத்தைத்தான் பாக்கிது என்று மாமா பல்லைக் கடித்தார்.

அம்மா வாசலில் நின்று அழுதார். அப்பா உள்ளிருந்து, போங்கள், முகூர்த்தம் தப்பிவிடும் என்று சைகை காட்டினார். பஸ் வெறுமையாகப் போனது. நாங்கள் பத்துப் பத்துப் பேராக நடந்தோம். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் தாலி ஏறியது. தோழனாக வேறொருவர் நின்றார். மாப்பிள்ளையின் மச்சான் எங்கே என்று பெண்வீட்டார் கேட்டபோது, அவருக்கு வேலை என்றார் அம்மா. பொய் சொல்லாமல் உள்ளதைச் சொன்ன என்னை யாரும் மெச்சவில்லை என்ற கோபத்தோடு நான் பலகாரம் தின்றேன்.

மறுநாள் திரும்பி வரும்போது பாலத்தின் இரண்டு முனையிலும் தார்ப் பீப்பாய்கள் வைத்து அடைத்திருந்தார்கள். தோணியில் வந்தோம். அப்பா வீட்டில் இருந்தார். தகடும் ஆணியும் கேட்டு மேலிடத்துக்கு அவர் மூன்று தரம் எழுதிய கடிதங்களின் பிரதிகள்தான் அவரை வெளியே கொண்டுவந்தன. இராணுவத்தின் அனுமதி இல்லாமல் எங்கள் பக்கத்துக்கு இரும்பு வராத காலம் அது. காவலரணில் சொன்னால் அன்றைக்கே பாலத்தை மூடுவார்கள் என்பதால்தான் அவர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். இப்போது அதுவே நடந்தது. ஆனால் ஒரு வருடமாக வராத தகடு, இராணுவம் கேட்டதும் ஐந்தாவது வாரமே வந்துவிட்டது.

அந்த ஐந்து கிழமையும் படுவான்கரைச் சனம் அறுவடை நெல்லைத் தோணியில் ஏற்றி இறக்கியது. நோயாளிகளையும் தோணியில்தான் கொண்டுவந்தார்கள். ஒரு தாய் எங்கள் வேலிப் படலையில் வந்து நின்று, தன் மகள் ஆசுபத்திரிக்கு வரும் வழியில் தோணிக்குள் பிள்ளை பெற்றாள், உன் வாய் சும்மா கிடந்திருக்கக் கூடாதா என்று அப்பாவைக் கேட்டார். தாயும் பிள்ளையும் சுகமா என்று மட்டும் அப்பா கேட்டார். யாருடைய வாய் என்று சொல்லவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

தகடு பூட்டிப் பாலம் திறந்தபிறகும் ஒன்று மட்டும் தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும் என்று உத்தரவு. இது எனக்குச் சொல்லப்படவில்லை. பெட்டி போட்டு மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு காலையில் போவார், மத்தியானம் தாண்டி வருவார். பாலத்தைப் பற்றி இராணுவத்துக்குச் சந்தேகம் வந்தால் எங்கள் அப்பாவிடம்தான் கேட்கிறார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். அதில் பெருமை இருந்தாலும் ஞாயிறு தோறும் அப்பாவோடு போகும் கடற்கரை இல்லாமல் போய்விட்டதே என்ற ஆத்திரமும் இருந்தது. ஒருநாள் சைக்கிளின் முன்னால் நின்று, இந்தக் கிழமை போகவேண்டாம் என்று மறித்தேன்.

"நான் போகாட்டி அவங்க இஞ்ச வருவாங்க மகள்" என்றார்.

"வரட்டுமே. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறன்" என்றேன் நான்.