தண்ணி எங்க போகும்?

காலையில் கடையைத் திறந்ததும் துடைக்கிற வேலைதான் முதல் வேலை. அலமாரியில் வரிசையாக நிற்கிற மூக்குக் கண்ணாடிகளை எல்லாம் மனைவி ஸ்டூல் மேல் ஏறித் துடைப்பாள். கடைக்காரர் துடைப்பது தம்முடைய கண்ணாடியை மட்டும். வாயால் ஊதி, மஞ்சள் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடியும் ஊதுவார்.

"அதுல என்ன இருக்குன்னு இந்தத் தேய் தேய்க்கிறீங்க?" என்பாள் மனைவி.

நியாயமான கேள்வி. அதில் ஒன்றுமே இல்லை. பவர் இல்லாத வெறும் கண்ணாடி. ஐம்பதைத் தாண்டியும் எறும்பு எந்தக் காலை நொண்டுகிறது என்று சொல்லிவிடக்கூடிய கண் அவருக்கு. ஆனால் நில ஆய்வுக் குழுவுக்குத் தலைவரான மறுநாளே, கடையிலிருந்து தடித்த கறுப்பு ஃபிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். "வெறும் மூஞ்சியோட உட்கார்ந்தா மனு போட்டவன் எவன் மதிப்பான்?" இந்த ரகசியம் தெரிந்தவர்கள் மனைவியும் அக்காவும்தான்.

ஊருக்கு வெளியே யாராவது வயலையோ மேய்ச்சல் நிலத்தையோ மனை பிரித்து வீடு கட்ட நினைத்தால், இந்தக் குழு படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். தலைவர் படத்தைத் தலைகீழாகத்தான் பிடிப்பார். பக்கத்திலிருக்கிற உறுப்பினர், இருமுகிற சாக்கில், மெல்லத் திருப்பி வைப்பார். பிறகு கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கும். அறை அடங்கும்.

"எல்லாம் சரி. தண்ணி எங்க போகும்?"

முதல் கூட்டத்தில், என்ன கேட்பதென்று தெரியாமல் வாயில் வந்த கேள்வி. மனு போட்டவர் வெலவெலத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து தலைவருக்கு அதுவே மூலதனம். கோழிப்பண்ணைக்கும் அதே கேள்விதான், செல்போன் கோபுரத்துக்கும் அதே கேள்விதான். பதிலை அவர் காதில் வாங்கியதாக வரலாறு கிடையாது. எதிராளியின் வாய் அசைகிறவரை தலையாட்டுவார்; அசைவு நின்றதும் "நல்லது" என்பார். ஊர் அவருக்கு 'எங்கபோகும்' என்று பேர் வைத்துவிட்டது. அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த முறை வந்த மனு மேட்டு மேய்ச்சல் நிலத்துக்கு. படத்தில் சரிவு முழுக்க வீடுகள், வீடுகளுக்கு நடுவே சிமெண்ட் சாலைகள். சரிவின் அடியில் ஏற்கெனவே இருப்பது ஒரு ஓட்டு வீடு, மாட்டுக்கொட்டகை, காய்கறித் தோட்டம். மாமா போனபிறகு அக்கா தனியாளாகக் கட்டிக் காப்பாற்றுகிற இடம். கூட்டத்துக்கு முதல் நாள் பால் தூக்கோடு கடைக்கு வந்தவள், "நீ தலைவரா இருக்கிறப்ப எனக்கென்னடா பயம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் இவர் மனைவியிடம், "சொந்த அக்கான்னு பார்த்தா ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

"ஊரை விடுங்க. உங்க அக்கா என்ன சொல்லுவாங்க?"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கூட்ட அறையின் கூரை ஒழுகும். ஊரில் எழும்புகிற அத்தனை கட்டடத்துக்கும் சரி சொல்கிற அறையின் நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அன்றைக்கு வெளியே நல்ல மழை. தலைவர் கேட்கவேண்டியதைக் கேட்டார். மனு போட்டவருடைய இன்ஜினியர் இதற்கென்றே காத்திருந்தவர்போல எழுந்தார்.

"அருமையான கேள்வி ஐயா! ஐயா கேப்பீங்கன்னு தெரிஞ்சே தனியா ஒரு படம் போட்டுக் கொண்டாந்திருக்கோம்."

படம் நிறைய நீல அம்புகள். எல்லாம் சரிவில் இறங்கி, கீழே 'தாழ்வான காலி இடம்' என்று எழுதியிருந்த பச்சைக் கட்டத்தில் போய் முடிந்தன. தலைவர் பூரித்துப் போனார். அவருடைய கேள்விக்கு ஒரு படமே போட்டிருக்கிறார்களே!

"நல்லது."

"தலைவரே!" பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல். "அந்தப் பச்சைக் கட்டத்துலதான் என் மாட்டுக்கொட்டகை நிக்குது."

"அக்கா, இது கூட்டம். இங்க அக்கா, தம்பியெல்லாம் கிடையாது."

"கிடையாதா? சரி, விடு. காலி இடமாமே? போன ஞாயித்துக்கிழமை அந்தக் காலி இடத்துல உட்கார்ந்துதானே வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போன? ஏப்பம் விட்டது இன்னும் என் காதுல இருக்கு."

அறை சிரித்தது. இன்ஜினியரும் சிரித்துவிட்டு இருமினார்.

வாக்கெடுப்பு. ஆதரவுக்கு இரண்டு கை, எதிர்ப்புக்கு இரண்டு கை. எல்லாக் கண்ணும் தலைவர் மேல். இத்தனை காலத்தில் அவருடைய கைக்கு இப்படி ஒரு வேலை வந்ததில்லை.

"பதவியில உட்கார்ந்துட்டு சொந்தபந்தம் பார்க்கக் கூடாது" என்று மேசையிடம் சொல்லிவிட்டு, ஆதரவாகக் கையைத் தூக்கினார்.

அக்கா முன்னால் வந்தாள். யாரும் தடுக்கவில்லை. பால் கறந்து காய்த்த விரலை நீல அம்புகளின் முனையில் வைத்தாள்.

"தண்ணி எங்க போகும், தண்ணி எங்க போகும்னு ஊரையே கேட்டியே தம்பி. அது போற இடம் தெரிஞ்சு போச்சு. நானும் மாடுகளும் எங்க போகட்டும்? அதை நீ சொல்லு."

"கண்ணாடி மங்கலா இருக்கு… படம் சரியாத் தெரியலை" என்று முணுமுணுத்தார். கழற்றினார். ஊதினார், துடைத்தார், படத்தின்மேலேயே வைத்தார். அக்கா விரலை எடுக்காமல் நின்றாள்.

கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டுத் தலைவர் எழுந்தார். வாளி நிரம்பி, தண்ணீர் தரையில் நாலாபக்கமும் கிளை பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. கால்சட்டை நுனியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, நனையாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து, உயரமான நிலைப்படியையும் தடுக்காமல் தாண்டி, வெளியே போனார்.