வயர் வெட்டிய ஸ்பீக்கர் பேசியது

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். ஆவி, மாயம் என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் கிண்டல் பண்ணுகிற ஆள் நான்தான். என் மனைவி ஜெசி எதற்கெடுத்தாலும் ஜெபம் பண்ணுவாள். எனக்கு மல்டிமீட்டர் காட்டுவதுதான் வேதம். சங்கரன்கோவிலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், பொழுதுபோக்காக ஊர் ஊராக ரேடியோவில் பேசுகிற, முறையாக லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரன். இதைச் சொல்லும்போது இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது பாருங்கள்.

எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. தறி ஓடினால் என் ரேடியோவில் கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்காது. அதை அடக்க நானே ஒரு ஃபில்டர் போர்டு செய்தேன். செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதைச் சேர்க்க வேண்டும். முந்தின நாளே செட்டைப் பிரித்து, ஸ்பீக்கர் வயரை வெட்டி, பேட்டரியையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மறுநாள் ஷட் டவுன், சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. சால்டரிங் பண்ண முடியாதே தவிர, ஆன்டெனா கட்ட அதைவிட நல்ல நாள் எது? தெருவில் போகும் கரண்ட் லைன் செத்துக் கிடக்கும், பயமில்லாமல் அதன் மேலேயே கம்பியை வீசலாம். இதைவிட முட்டாள்தனம் கிடையாது என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் தெரியவில்லை.

உச்சி வெயிலில் மொட்டைமாடி ஏறினேன். வெறும் செம்புக் கம்பியின் நுனியில் ஸ்பேனரைக் கட்டி எதிர்வீட்டு மாடிக்கு வீசினேன், முதல் வீச்சிலேயே போய் விழுந்தது. கம்பி கரண்ட் லைன் மேல் படுத்துக் கிடந்தது. இந்தப் பக்க நுனியை மணிக்கட்டில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெசி கீழேயிருந்து கத்தினாள்.

"ஏங்க, ஒங்க டப்பா தானா கத்துது! சீக்கிரம் வாங்க!"

செட்டில் கை வைத்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். கம்பியை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கினேன்.

"ஏட்டி, அதத் தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடுதேன்? அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கிட்டு இருந்தேன், அது பாட்டுக்குக் கீ கீங்குது."

மேஜைமேல் தனியாகக் கிடந்தது அந்த ஸ்பீக்கர். வெட்டின வயர் இரண்டும் காற்றைப் பார்த்து நிற்கின்றன. அதிலிருந்து மோர்ஸ், புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் தந்தி மொழி, வந்துகொண்டிருந்தது! மோர்ஸ் பழகினவன் காது தானாகவே எழுத்துக் கூட்டிவிடும். எழுத்து ஆங்கிலம், வார்த்தை தமிழ். "கம்பி விடு. கம்பி விடு." மூன்றாவது தடவை முடிந்ததும் அடங்கியது.

அதே நிமிடம் தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது, தெருவில் தறிகள் தடதடக்கத் தொடங்கின. வேலை சீக்கிரம் முடிந்து கரண்டை விட்டுவிட்டார்களாம். வெளியே படார் என்று ஒரு வெடி. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், நான் நின்ற இடத்தில் கம்பி கருகிக் கிடக்கிறது, தரை கறுத்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், ஜெசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சரி, எவனோ எங்கிருந்தோ அனுப்பியது எப்படியோ கேட்டிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நான் வந்த பிறகு ஜெசி மறுபடி அழுத்திய வாய்ஸ் மெசேஜில் கடைசித் தடவை வந்தது மட்டும் பதிவாகியிருந்தது. சிவகிரியில் இருக்கும் என் ரேடியோ நண்பர் தங்கராஜோடு நான் தினமும் மோர்ஸில் பேசுபவன். ஒன்றுமே சொல்லாமல் அவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். உடனே சிரித்தார்.

"இது நீரு அனுப்புனதுதானவே? 'V' எழுத்துல ஒரு புள்ளி கூடுது. ஒம்மத் தவிர எவன் இந்தத் தப்ப விடாம பண்ணுதான்?"

உண்மைதான், அது என் கைதான். கையெழுத்து மாதிரி, மோர்ஸ் தட்டுகிற சாவியில் ஒவ்வொருவன் கையும் தனி.

"அப்போ நீங்க இனிமேத்தான் அத அனுப்பணும் போல, இப்பவே அனுப்பிர வேண்டியதுதான?" என்கிறாள் ஜெசி. யாருக்கு அனுப்ப, எப்படி அன்றைக்குப் போய்ச் சேரும்? சாவிமேல் கை வைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு வார்த்தையும் விரலில் வந்து நிற்கின்றன. அவற்றை நான் இன்றுவரை ஒரு தடவைகூட அனுப்பியதில்லை.