பொதுக் கூரையும் எங்கள் நானாவும்

தந்தவனே திருப்பி எடுத்துக்கொண்டான், புகழ் அவனுக்கே. எங்கள் நானா அவர்களின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்று குடும்பத்தார் நீங்கள் ஒரே குரலில் முடிவெடுத்தீர்கள். எழுதும் வேலையை ஒரே தங்கையான என்னிடம் தந்தீர்கள். நானாவைப் பற்றி எழுதுவதென்றால் பெரிய வளவு என்கிற எங்கள் பழைய வீட்டைப் பற்றி எழுதாமல் முடியாது. அதை எழுதினால் என் வாய் சும்மா இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுரைச்சோலைக்கு அப்பால், உப்புநீர்க் களப்பைப் பார்த்த தென்னந்தோட்டத்தின் நடுவே அந்த வீட்டைக் கட்டியவர் எங்கள் வாப்பாவின் வாப்பா, மூத்தவாப்பா அவர்கள். உப்பளமும் தோட்டமும் வைத்திருந்த பெரிய மனிதர். சுவர்கள் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். ஒரு பிள்ளை கால் நீட்டிப் படுக்கும் அகலம். தூண்கள் எலுவன்குளத்துக் காட்டுப் பாலை மரம், தோணியில் களப்பைக் கடந்து வந்தது. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று கூரையில் ஓர் ஆணி கூட அடிக்காமல் மரமுளைகளால் பூட்டினார்கள். மூன்று பக்கமும் அறைகள், நடுவில் அரைக்குழாய் போல வளைந்த பீலி ஓடு போட்ட மண்டபம். எங்கள் குடும்பத்தில் எந்த நிக்காஹ்வும் அந்த மண்டபத்தில்தான் நடந்தது. எந்த ஜனாஸாவும் அங்கிருந்துதான் புறப்பட்டது.

நானா பிறந்ததும் அந்த வீட்டின் கிழக்கு அறையில்தான். புத்தளத்தில் படித்துவிட்டுக் கொழும்புக்குப் போகாமல் வாப்பாவோடு கொப்பரா வேலையில் நின்றுவிட்டார். தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர்கள் உடுத்த துணியோடு வந்து இறங்கியபோது, வாப்பாவும் நானாவும் மண்டபத்தையும், கொப்பரா காயவைக்கும் கொட்டகையான மடுவத்தையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அப்படி மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெண்தான் நானாவின் மனைவி, எங்கள் மதினி. அந்தக் கலியாணத்தின்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. நானா மறந்துவிட்டார். அதுதான் அவருடைய குணம், எனக்கு அது வராது.

மூத்தவாப்பா மௌத்தானதும் பங்கு பிரிக்க வேண்டி வந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் கோட்டுப் படி ஏறினால் ஊர் சிரிக்கும் என்று வாப்பா, அவர் தம்பி சாச்சா, அவர்களோடு பிறந்த மாமி மூவரும் வீட்டிலேயே உட்கார்ந்து பிரித்தார்கள். அறைகளை ஆளுக்கொரு பக்கமாக எடுத்துக்கொண்டார்கள். மண்டபமும் அதன் கூரையும் பொது. மூன்று தரப்பும் சம்மதிக்காமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று பேசி, ஸலவாத்தும் சொல்லி எழுந்தார்கள். எல்லோருக்கும் உரிய கூரை அன்றிலிருந்து ஒருவருக்கும் இல்லாத கூரையானது.

வாப்பாவுக்குப் பிறகு நானாதான் அங்கே குடியிருந்தார். ஓடு நழுவத் தொடங்கியதும் அவர் முறைப்படி சம்மதம் கேட்டார். ஒவ்வொரு பெருநாளைக்கும் கேட்டார். சாச்சா சொல்லுவார்: "பழைய ஓட்டக் கழட்டிப்போட்டு கூரைச் சீட் அடிங்க. அதுக்கெண்டா நான் ஓம்." மாமி சொல்லுவார்: "வாப்பா போட்ட பீலி ஓட்டுக்குப் பதிலா சீட்டா? நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்." பிறகு எல்லோரும் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு, அதே மண்டபத்தில் நின்று படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவீர்கள். "எங்கள் பாரம்பரியம்" என்று கீழே எழுதுவீர்கள். பாரம்பரியத்துக்குக் கீழே பேசின் வைத்து மழைத்தண்ணீர் ஏந்தியது மதினி.

"நானா, பேசாம ஆளை ஏத்தி மேஞ்சிடுங்க. வாறதப் பாப்பம்" என்று நான் எத்தனையோ தரம் கத்தியிருக்கிறேன்.

"சண்ட பிடிக்காத புள்ள. வாப்பா குடுத்த சொல்லு. அடுத்த பெருநாளைக்கு எல்லாரும் வருவாங்க தானே, கதைப்பம்" என்பார்.

கதைத்துக் கதைத்தே அவருடைய காலம் முடிந்தது. சுபஹு தொழுதுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. அன்று பகல் மழை கொட்டியதை வந்தவர்கள் அறிவீர்கள். நானாவை மண்டபத்தில் கிடத்தியிருந்தோம். முதலில் கால்மாட்டில் சொட்டியது, கட்டிலை இழுத்தார்கள். பிறகு தலைமாட்டில் சொட்டியது, மறுபடி இழுத்தார்கள். உள்ளே பெண்களோடு நின்ற நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நானாவுக்கு அவர் காத்த வீட்டில் நனையாமல் கிடக்க ஓர் இடம் இல்லை. அந்த நேரம் பார்த்து என் காதருகே ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், "என்ன புள்ள, இந்தக் கூரைய ஒருத்தரும் கவனிக்கலையா?" என்றார். மையித்து வீடென்று என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மதினி இப்போது அதே வீட்டில் இத்தா இருக்கிறார். புருஷனை இழந்தவள் என்பதால் நாலு மாதமும் பத்து நாளும் அவர் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும், வேறெங்கும் போய்த் தங்க முடியாது. ஒழுக்கு இப்போது அவருடைய அறைச் சுவர் வரை இறங்கிவிட்டது. கூரையைப் பற்றி மறுபடி வாய் திறந்தேன். சீட்டும் பீலி ஓடும் போய்ப் புதுக் கதை ஒன்று வந்தது: "இத்தா இருக்கிற வீட்டுக்கு மேல ஆம்புளையள் ஏறுறதா?" ஆச்சரியம், இந்த ஒன்றில் மட்டும் சாச்சாவும் மாமியும் ஒரே கட்சி.

மதினியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஈரச் சுவரில் சாய்ந்திருந்த பாயை எடுத்து உதறிவிட்டு, "மழ இத்தா பாக்குதா, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

மௌலவியிடம் கேட்டேன். திரை போட்டு ஒதுங்கி இருந்தால் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். குளிப்பாட்டியவர்கள், கப்று வெட்டியவர்கள், மூன்று நாள் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு அனுப்பிய அயலவர்கள். எல்லோருக்கும் மேலாக, அன்று மழைக்குள் தங்கள் படகுகளை மூடியிருந்த படங்கைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து, நானாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்ற களப்புத் துறை மீன்காரர்களுக்கு. அவர்கள் ஒருவரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

நானாவின் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவருடைய கப்றை விசாலமாக்குவானாக. உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிலாபத்துப் பக்கம் இடித்த பழைய வீடொன்றின் பீலி ஓடுகள் நேற்றே வந்து இறங்கிவிட்டன. கத்தத்துச் சாப்பாட்டை மடுவத்தில் வைத்திருக்கிறேன். இந்த மலரை வாங்கிக்கொண்டு அப்படியே மடுவத்துக்கு வாருங்கள். மண்டபத்துக்குள் யாரும் போக வேண்டாம். மேலே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.